ஆறாம் வகுப்பில் தொடங்கும் கல்லூரிக் கணக்கு

(தேவாரத்தில் தொடக்க, நடுநிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயர்கல்விக்கு அரசு தரும் நிதியுதவிகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் இங்கே இருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர், "இது மேல்நிலைப் பள்ளிக்காரர்கள் பேச்சு, நமக்கு இதில் என்ன வேலை?" என்று நினைத்திருப்பீர்கள். நான் சொல்ல வந்ததே அந்தக் கேள்விக்கான பதிலைத்தான். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குச் சேரவேண்டிய அரசுப் பணத்தின் பெரும்பகுதி, அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்பில் எங்கே சேர்கிறது என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. மீதி, நம் பதிவேட்டில் அதன் பெயரை எப்படி எழுதியிருக்கிறோம் என்பதில் முடிவாகிறது.

இந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட நம் கை வழியாகப் போவதில்லை. அரசுக் கருவூலத்திலிருந்து நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஆனால் அது போகும் பாதை முழுவதும் நாம் எழுதிய பதிவுகளால் போடப்பட்டது. பாதையில் ஓரிடத்தில் பள்ளம் இருந்தாலும் பணம் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் பொதுப்பணத்தை நிர்வகிப்பதில் நமக்கும் பங்கு உண்டு என்கிறேன்.

எவ்வளவு பணம், என்னென்ன வழி

முதலில் கணக்கைப் பார்ப்போம். 18 வயது முதல் 23 வயது வரை உள்ளவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, எத்தனை பேர் உயர்கல்வியில் இருக்கிறார்கள் என்று கணக்கிடுவதை மொத்தச் சேர்க்கை விகிதம் என்கிறோம். ஒன்றிய அரசின் உயர்கல்வி ஆய்வறிக்கைப்படி 2021-22இல் இந்தியாவின் விகிதம் 28.4. தமிழ்நாட்டின் விகிதம் 47. இது நாம் பெருமைப்பட வேண்டிய எண். ஆனாலும் பாதிக்கு மேல் இன்னும் வெளியே இருக்கிறார்கள் என்பதும் அதே எண் சொல்லும் செய்திதான். அந்த வெளியே இருக்கும் பாதியில் நம் மலையடிவாரப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை அறிக்கை சொல்லாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வீதி வீதியாகப் போனால் நமக்கே தெரியும்.

இப்போது நடைமுறையில் உள்ள முக்கியமான திட்டங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி, கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால் படிப்பு முடியும் வரை மாதம் ரூ.1,000. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவியருக்கும் பின்னர் இது விரிவாக்கப்பட்டது. மாணவர்களுக்காக 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கப்பட்டது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் முதல் திட்டத்துக்கு ரூ.370 கோடியும் இரண்டாவதற்கு ரூ.360 கோடியும் ஒதுக்கினார்கள்.

புதுமைப் பெண் திட்டத்தின் பின்னணி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண நிதியுதவித் திட்டம்தான் இப்படி மாற்றப்பட்டது. பத்தாம் வகுப்பு படித்த பெண்ணின் திருமணத்துக்கு ரூ.25,000, பட்டம் அல்லது பட்டயம் முடித்தவருக்கு ரூ.50,000, பின்னாளில் அதோடு தாலிக்குத் தங்கம் என்று இருந்தது. பெண் குழந்தையைப் பத்தாம் வகுப்பு வரையாவது படிக்க வைக்க அது தூண்டுதலாக இருந்தது உண்மை. 2022 மார்ச்சில் நிதிநிலை அறிக்கை தாக்கல் செய்தபோது, அந்தப் பணத்தைக் கல்லூரிக்குத் திருப்பினார்கள். கல்யாணத்தன்று மொத்தமாக வந்த பணம் படிக்கும் காலத்தில் மாதாமாதம் வருகிறது. இளங்கலையில் மூன்று ஆண்டுக்கு ரூ.36,000. பொறியியல் என்றால் நான்கு ஆண்டுக்கு ரூ.48,000. எங்கள் ஊர்த் தாய்மார்கள் சிலர், "பணம் அதேதான் சார், ஆனா இப்ப அவ பேர்லயே வருது" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். திட்டத்தின் சாரம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இரண்டாவது, 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு. 2020இல் மருத்துவப் படிப்புகளுக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் சட்டம் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. நம் பக்கத்தில் போடியில் 2012 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. தேவாரத்துப் பிள்ளை பொறியாளராக வேண்டுமானால் சென்னைக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லை.

மூன்றாவது, ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை. 1944லேயே தொடங்கிய பழைய திட்டம். ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான செலவை யார் ஏற்பது என்பதில் ஒன்றிய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையில் நீண்ட காலம் இழுபறி இருந்தது. 2020 டிசம்பரில் ஐந்து ஆண்டுகளுக்கு ரூ.59,048 கோடி என்று முடிவாகி, ஒன்றியம் 60, மாநிலம் 40 என்று பங்கு பிரித்தார்கள். 2021-22 முதல் ஒன்றிய அரசின் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. முன்பு கல்லூரி அலுவலகத்தோடு முடிந்த வேலை இப்போது பதினெட்டு வயதுப் பிள்ளையின் பாஸ்புக்கில் வந்து நிற்கிறது.

நான்காவது, முதல் பட்டதாரி சலுகை. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறாதிருந்தால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேருபவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை. 2010-11 முதல் இருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடைக்காது. அண்ணன் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது.

இவை தவிரப் பள்ளியிலேயே தொடங்குபவை உண்டு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு, அதாவது என்.எம்.எம்.எஸ். தமிழ்நாட்டுக்கு 6,695 இடங்கள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு ரூ.12,000. இன்னொன்று முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு. தேர்வாகும் 1,000 பேருக்குப் பட்டப்படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு ரூ.10,000.

என்.எம்.எம்.எஸ். தேர்வில் வென்று, பிறகு கலைக் கல்லூரியில் சேரும் ஒரு பெண் பிள்ளையின் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். பள்ளியில் ரூ.48,000. கல்லூரியில் ரூ.36,000. மொத்தம் ரூ.84,000. ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் குடும்பத்துக்கு இந்தத் தொகை என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மலைக்குப் போனால் மறையும் தகுதி

இனி நம் ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். மேலே சொன்னவற்றில் மிகப் பெரிய இரண்டுக்கும், அதாவது மாதம் ரூ.1,000 வரும் திட்டங்களுக்கும் 7.5 விழுக்காட்டுக்கும், அடிப்படை நிபந்தனை ஒன்றுதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழு ஆண்டுகள். நடுவில் ஓர் ஆண்டு விட்டுப்போனாலும் கணக்கு உடைந்துவிடும்.

சமவெளி ஊர்களில் இது எளிய நிபந்தனை. நமக்கு அப்படி இல்லை. நம் பெற்றோர்களில் பாதிப் பேர் விடிவதற்கு முன்பே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்புகிறவர்கள். இன்னும் சிலர் காய் எடுக்கும் காலத்தில் அங்கேயே தோட்டத்து வீட்டில் தங்கிவிடுவார்கள். பிள்ளையை யாரிடம் விடுவது? பாட்டி இருந்தால் பாட்டியிடம். இல்லையென்றால் கூடவே கூட்டிக்கொண்டு போய், மேலேயே பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். இடுக்கியில் தமிழ் வழி அரசுப் பள்ளிகளும் இருப்பதால் பிள்ளையின் படிப்பு நிற்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டுத் திட்டங்களுக்கான ஏழு ஆண்டுக் கணக்கு அங்கே நின்றுவிடுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவன், ஆறும் ஏழும் மேலே படித்துவிட்டு எட்டாம் வகுப்பில் இறங்கி வந்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் 7.5இல் வரமாட்டான் என்று அவன் வீட்டில் தெரிந்தது. பொதுப் பிரிவில் அவனுக்கு இடம் கிடைத்தது. விடுதிக் கட்டணம் கட்ட வழியில்லை. தினமும் போய்வரும் தூரத்தில் ஒரு கலைக் கல்லூரியில் சேர்ந்தான். மாதம் ஆயிரமும் வராது. "ரெண்டு வருசம்தானே சார் மேல இருந்தோம்" என்று அவன் அப்பா கேட்டார். அவர் கேட்டதில் குற்றம் இல்லை. அந்த இரண்டு வருடத்தின் விலை என்ன என்று, மகனைக் கூட்டிப் போகும்போது அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதனால்தான் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை முதலில் அழைத்தேன். ஐந்தாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பெற்றோரிடம் பேச நமக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லியாக வேண்டும்: "ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை இங்கேயே அரசுப் பள்ளியில் படித்தால் பிற்பாடு கல்லூரிக்கு இவ்வளவு உதவி உண்டு. மேலே சேர்த்தால் இதெல்லாம் கிடைக்காமல் போகலாம்." முடிவு அவர்களுடையது. பிள்ளையைப் பிரிந்திருக்க முடியாத குடும்பச் சூழலை நாம் குறை சொல்ல முடியாது. தெரிந்து முடிவெடுக்கட்டும், அவ்வளவுதான். கூடவே விடுதி பற்றியும் சொல்ல வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி, கள்ளர் சீரமைப்புத் துறை விடுதி என்று நம் மாவட்டத்தில் வாய்ப்புகள் இருக்கின்றன. எந்த விடுதியில் எப்போது சேர்க்கை என்பதை ஏப்ரல் மாதமே ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியர் அறையில் ஒட்டி வைத்திருந்தால் போதும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவைக்க வேண்டும். "எது அரசுப் பள்ளி?" என்று கேட்பார்கள். ஊராட்சி ஒன்றிய, நகராட்சி, ஆதிதிராவிடர் நல, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் நம் மாவட்டத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் 7.5இல் அரசுப் பள்ளிகளாகவே கொள்ளப்படும். அரசு உதவிபெறும் பள்ளி அப்படிக் கொள்ளப்படாது. மாதம் ஆயிரம் தரும் திட்டங்களில் மட்டும் உதவிபெறும் பள்ளியின் தமிழ் வழி மாணவர்களுக்கு இடம் உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் ஆறாம் வகுப்பில் பள்ளி மாறுகிற பிள்ளைகள் உண்டு.

பெயரும் ஆதாரும் வங்கியும்

அடுத்த பள்ளம், பதிவு. கல்லூரியில் சேர்ந்த மாணவரின் விவரம் யூமிஸ் தளத்தில் ஏறும்போது, நம் எமிஸ் எண்ணோடு இணைத்துத்தான் அவர் எங்கே படித்தார் என்று பார்க்கிறார்கள். அங்கே ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர் என்று இருந்தால் இயந்திரத்துக்கு அவர்கள் மூன்று பேர்.

நம் பெயர் வைக்கும் முறையே இதற்குக் காரணம். முன்னெழுத்து முன்னால் வரும், சில சமயம் பின்னால் வரும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக ஒட்டியிருக்கும். முத்துலட்சுமி ஓரிடத்தில் முத்துலெட்சுமி ஆவாள். ஆங்கில எழுத்தில் இன்னும் இரண்டு விதம் கூடும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுதி, ஆதாரும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு பிள்ளை தாலுகா அலுவலகத்துக்கும் ஆதார் மையத்துக்கும் அலைவது மிச்சம். ஆதாரில் கைரேகை, கண்விழிப் பதிவை ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். பதினைந்து வயது என்பது நம் பத்தாம் வகுப்பு. அந்த ஆண்டே பெயரையும் தொலைபேசி எண்ணையும் சேர்த்துச் சரிபார்த்துவிடலாம்.

வங்கிக் கணக்கு இதைவிடச் சிக்கல். உதவித்தொகைக்காக எப்போதோ தொடங்கிய கணக்கு. இரண்டு ஆண்டு வரவுசெலவு எதுவும் செய்யாவிட்டால் அது செயலற்ற கணக்காகிவிடும். பதினெட்டு வயது ஆனதும் புதிதாகக் கையொப்பமும் ஆவணங்களும் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு மூன்று கணக்கு இருக்கலாம். அரசுப் பணம் வருவது ஆதாருடன் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக இணைத்த ஒரே கணக்குக்கு மட்டும். அது எந்தக் கணக்கு என்று பல பிள்ளைகளுக்குத் தெரியாது.

எங்கள் பள்ளியில் படித்து உத்தமபாளையத்தில் கல்லூரியில் சேர்ந்த ஒரு மாணவிக்குப் பல மாதம் பணம் வரவில்லை. வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் வந்தது. விசாரித்தால், அவள் கணக்கு அம்மாவைக் காப்பாளராகப் போட்டுச் சின்ன வயதில் தொடங்கியது, முடங்கிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய அம்மாவும் நேரில் வரவேண்டும் என்றார்கள். அம்மா வங்கிக்கு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. முதல் நாள் போனபோது ஒரு தாள் குறைவு, மறுநாளும் கூலி போச்சு. கடைசியில் அஞ்சல் துறையின் வங்கியில் அவள் பெயரிலேயே புதுக் கணக்குத் தொடங்கி, ஆதாரை அதில் இணைத்த பிறகுதான் பணம் வரத் தொடங்கியது. அதற்குள் அவள் படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போகலாமா என்று யோசித்துவிட்டாள். மாதம் ஆயிரம் ரூபாய் சிறிய தொகைதான். ஆனால் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் அதையே நம்பிப் போன பிள்ளைக்கு அதுதான் கல்லூரி.

அவள் பெயர் அரசுப் பட்டியலில் இருந்தது. பணமும் ஒதுக்கப்பட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் முடங்கிய கணக்கு ஒன்று.

காலண்டர் கணக்கு

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. கல்லூரிச் சேர்க்கை முடிய ஆகஸ்டும் செப்டம்பரும் ஆகிவிடும். அதன் பிறகுதான் விண்ணப்பம், கல்லூரியில் சரிபார்ப்பு, துறையில் ஒப்புதல். இடையில் ஒரு சான்றிதழ் குறைந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். மார்ச் 31க்குள் செலவாகாத ஒதுக்கீட்டை அரசிடமே திரும்ப ஒப்படைக்க வேண்டும். அடுத்த ஆண்டு எவ்வளவு ஒதுக்குவது என்று பார்க்கும்போது, எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்ற எண்ணிக்கைதான் முன்னால் நிற்கும். தகுதியிருந்தும் விண்ணப்பிக்காத பிள்ளை எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அப்படி ஒருவர் இருந்தார் என்பதற்கே பதிவு இல்லை.

வருமானச் சான்றிதழுக்கு ஓராண்டுதான் செல்லுபடி. அதை எப்போது வாங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். ஜூன் மாதம் இ-சேவை மையங்களில் கூட்டம் அலைமோதும். ஏப்ரல், மே விடுமுறையில் விண்ணப்பித்தால் சேர்க்கைக்கும் உதவும், உதவித்தொகைக்கும் உதவும். முதல் பட்டதாரிச் சான்றிதழையும் அப்போதே சேர்த்து வாங்கலாம். சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால் மலையோரத்துப் பளியர், முதுவர் குடும்பங்களில் அந்த ஒருமுறையே நீண்ட வேலை. பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்கினால் நேரம் போதாது. ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிட வேண்டும்.

என்.எம்.எம்.எஸ். உதவித்தொகையை ஒவ்வொரு ஆண்டும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் வென்ற பிள்ளை பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளி போகும்போது, பழைய பள்ளி விட்டுவிடும், புதிய பள்ளிக்குத் தெரியாது. மாற்றுச் சான்றிதழோடு "இவர் என்.எம்.எம்.எஸ். மாணவர், புதுப்பிக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ரூ.24,000 காப்பாற்றப்படும்.

சொன்னால் மட்டும் போதுமா?

"இதையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டோமே, நோட்டீஸும் ஒட்டினோமே" என்று சிலர் கேட்கலாம். இதற்குப் பதில் சொல்லும் ஓர் ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. அங்கே கல்லூரி உதவித்தொகைக்கு நீளமான விண்ணப்பம் ஒன்று உண்டு. ஒஹாயோ, வட கரோலினா மாநிலங்களில் 2008இல், வருமான வரி நிரப்பித் தரும் நிறுவனத்துக்கு வந்த ஏழைக் குடும்பங்களைச் சில குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் கொடுத்தார்கள். நிரப்பிக் கொடுத்த குடும்பங்களின் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில், அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்தவர்கள் 28 விழுக்காட்டிலிருந்து 36 விழுக்காடாக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் பெற்ற குடும்பங்களில் எந்த மாற்றமும் இல்லை.

படித்த நாட்டிலேயே இதுதான் நிலை. நம் பிள்ளைகளின் பெற்றோர் பலர் கைநாட்டு வைப்பவர்கள். நோட்டீஸ் ஒட்டுவது நம் கடமையை முடித்துக்கொள்ள உதவும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பத்தை முடித்துக் கொடுப்பதுதான் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும்.

யார், எப்போது, என்ன

எனவே, புதிய பதிவேடு எதுவும் வேண்டாம். ஏற்கெனவே எமிஸ் வேலையில் நாம் மூச்சுத் திணறுவது எல்லாருக்கும் தெரியும். இருக்கிற வேலையை வகுப்பு வாரியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பதே என் யோசனை.

ஒன்றாம் வகுப்பில்: பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் எமிஸும் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பில்: மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும்போது ஏழு ஆண்டு நிபந்தனையையும் விடுதி வாய்ப்பையும் பெற்றோரிடம் நேரில் சொல்ல வேண்டும்.

ஆறாம் வகுப்பில்: சாதிச் சான்றிதழ் இல்லாதவர்களைப் பட்டியலிட வேண்டும்.

எட்டாம் வகுப்பில்: என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குத் தகுதியுள்ள எல்லாரையும் எழுத வைக்க வேண்டும். வெல்லுவோர் என்று நாம் நினைப்பவர்களை மட்டும் எழுத வைப்பது சரியில்லை.

பத்தாம் வகுப்பில்: ஆதார் புதுப்பித்தல், மாணவர் பெயரிலேயே இயங்கும் வங்கிக் கணக்கு.

பன்னிரண்டாம் வகுப்பில்: ஜனவரியில் கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் எதில் இணைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். விடுமுறையில் வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ்.

பன்னிரண்டு முடிந்த பிறகு: ஆகஸ்டில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை, போன ஆண்டு முடித்த ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கேட்க வேண்டும். எங்கே சேர்ந்தாய், பணம் வந்ததா என்ற இரண்டே கேள்வி. எங்கும் சேராதவர்களுக்காக நான் முதல்வன் திட்டத்தின் கீழ் நடக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்களுக்கு அவர்களை அனுப்பலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் முன்னாள் மாணவர்களிடம் இந்த வேலையைப் பகிர்ந்துகொண்டால் சுமை குறையும்.

இரண்டு எச்சரிக்கைகள். மாணவரின் பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை, கைப்பேசிக்கு வரும் ரகசிய எண் எதையும் நாம் வாங்கி வைக்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது தவறான பழக்கம். இரண்டாவது, யார் எந்தச் சாதி, யாருக்கு எவ்வளவு வருமானம் என்ற பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டக் கூடாது. உதவி பெறுவது பிள்ளையின் உரிமை. அதற்காக அது தலைகுனியக் கூடாது.

துறைக்கு ஒரு வேண்டுகோள்

இதுவரை சொன்னது நம்மால் முடிவது. நம்மால் முடியாதது ஒன்று இருக்கிறது. பிழைப்புக்காக மலைக்குப் போய், அங்குள்ள அரசுப் பள்ளியில் ஓரிரு ஆண்டு படித்துத் திரும்பிய பிள்ளையை என்ன செய்வது? கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களை இதே திட்டங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏழைப் பிள்ளை என்ற காரணத்தால் கொடுத்த நியாயமான விலக்கு அது. தோட்டத் தொழிலாளியின் பிள்ளையும் அதே ஏழைப் பிள்ளைதான். அவன் படித்ததும் அரசுப் பள்ளிதான், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவே. இத்தகைய பிள்ளைகளுக்கும் ஒரு விலக்கு தரலாமா என்று அரசு பரிசீலிக்க வேண்டும்.

அப்படிக் கேட்க வேண்டுமானால் எண்ணிக்கை வேண்டும். நம் ஒவ்வொரு பள்ளியிலும் ஆறு முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்களில் எத்தனை பேர் இடையில் கேரளத்தில் படித்துத் திரும்பியவர்கள்? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், போடி, கம்பம் என்று மலையடிவாரப் பள்ளிகள் எல்லாம் கணக்கெடுத்து, தலைமையாசிரியர்கள் வழியாக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குக் கொடுப்போம். "சிலர் இருக்கிறார்கள்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். "இத்தனை பேர்" என்று எழுதிக் கொடுத்தால் அதற்குக் கோப்பு போட்டாக வேண்டும்.

இந்தக் கூட்டம் முடிந்து போகும்போது ஒவ்வொரு பள்ளியும் அந்த எண்ணிக்கையை எடுத்துத் தர ஒருவரை நியமித்துவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வரும் ஜூன் சேர்க்கைக்கு முன்பு அது கையில் இருந்தால், ஐந்தாம் வகுப்புப் பெற்றோரிடம் பேசவும் உதவும், துறையிடம் கேட்கவும் உதவும்.